இரண்டாம் நபரின் மின்சாரம்

தையல்காரரின் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. இது தையல்காரருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். பக்கத்து வீடு, எதிர் வீடு, பேப்பர் போடுகிறவர், நூல் கடைக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். மின் அலுவலகம் மட்டும் இந்த விஷயத்தில் வேறு கருத்து கொண்டிருந்தது. கருத்துக்கு முத்திரை குத்தித் தபாலில் அனுப்பும் வசதி அதனிடம் இருந்ததால், கடைசியில் அதன் கருத்தே எடுபட்டது.

பழைய மீட்டர் வாசல் நிலைக்கு மேலே இருந்தது. கண்ணாடி மங்கி, உள்ளே ஒரு தகடு சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து எட்டிப் பார்த்து அட்டையில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார். வீடு பூட்டியிருந்தால் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார். வானம் ஒரு எண்ணைச் சொல்லும். அதை எழுதிவிட்டுப் போவார். இருபத்தொன்பது வருடம் இப்படித்தான் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

பிறகு எல்லா வீட்டுக்கும் புது மீட்டர் என்று அறிவிப்பு வந்தது. தெருவே கொதித்தது. மாடி வீட்டுக்காரர் உடனே ஒரு எதிர்ப்புக் குழு அமைத்துத் தானே தலைவரானார். நிலைமை கைமீறிப் போகாமலிருக்க, மின் அலுவலகம் ஒரு நல்லுறவு அதிகாரியை அனுப்பிவைத்தது. பள்ளிக்கூட ஹாலில், குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து, தெரு அவர் பேச்சைக் கேட்டது.

"பழைய மீட்டருக்கு வயசாயிடுச்சு," என்றார் நல்லுறவு அதிகாரி. "வயசானா என்ன ஆகும்? மெதுவாயிடும். நடந்ததை மறந்துடும். உங்களுக்கு அது வசதியா இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். புதுசு எதையும் மறக்காது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்களோட பேசும். நீங்க அதுகூடப் பேச வேண்டியதில்ல."

"எங்களை வேவு பார்க்குமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வேவுங்கறது ஒளிஞ்சு நின்னு பார்க்கறது. நாங்க உங்க சுவத்துலயே, உங்க கண்ணு முன்னாடியே இருக்கோம். யாரையும் வேவு பார்க்கிறதில்ல. தெரிஞ்சு வச்சுக்கறோம், அவ்வளவுதான்."

"வேண்டாம்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம். அதுக்குத் தனிப் படிவமே இருக்கு. புது மீட்டர் மாட்டினதும் அதோட நம்பரைப் படிவத்துல எழுதிக் குடுத்துடுங்க."

மறுநாள் காலை, தெருவின் முதல் புது மீட்டர் மாடி வீட்டில் மாட்டப்பட்டது. எதிர்க்கிற பொருள் எப்படி இருக்கிறது என்று உள்ளிருந்து பார்ப்பதற்காக என்றார் தலைவர்.

தையல்காரர் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

மனைவி போன பிறகு முதல் வாரம், தினமும் பதினோரு மணிக்கு அவர் மோட்டார் வைத்த தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதற்கோ காத்திருந்தார். எதற்கென்று அவருக்கே புரியவில்லை. எட்டாம் நாள் புரிந்தது. அந்த நேரத்தில்தான் அவள் மிக்சி போடுவாள். மூன்று சுற்று, ஒரு நிறுத்தம், மூடியைத் திறந்து பார்ப்பது, பிறகு இன்னொரு சுற்று. இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவர் நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்குவார். அன்று எழுந்து போய், மிக்சியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, மூன்று சுற்று சுற்றி, நிறுத்தி, இன்னொரு சுற்று சுற்றினார். வீடு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகு காலை ஆறு பத்துக்கு அவள் போடும் கெட்டில் வந்து சேர்ந்தது. மாலை நாலரைக்கு, தைத்து முடித்த துணிகளுக்கு அவள் போடும் இஸ்திரிப் பெட்டியும் வந்தது. துணி இல்லாத நாளிலும் பெட்டி சூடாகி ஆறும்.

இது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யாருக்கும் தொந்தரவில்லாத பைத்தியம். "எங்களோட வந்துடுங்கப்பா, தனியா ஏன் கிடக்கறீங்க" என்று மகள் வாரம் தவறாமல் கேட்டாள். கையில் வேலை இருக்கிறது என்பார். பதினோரு மணியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவளிடம் சொல்ல முடியுமா? பழைய மீட்டர் அத்தனையையும் பார்த்திருந்தது. யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மீட்டர் மாட்ட வந்தவள் ஒரு ஒல்லியான பெண். ஏணியைத் தானே தூக்கி வந்தாள். பத்து நிமிடத்தில் பழையதைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தை நீட்டினாள்.

"வீட்ல எத்தனை பேருங்கய்யா?"

"நான் மட்டும்தான்மா."

அதைச் சொல்வதில் அவருக்குச் சிரமமில்லை. அந்த வாக்கியத்தில் மனைவி வரவே இல்லை.

புது மீட்டரில் தகடு இல்லை, சுற்றுவதும் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. துணிக்கு அளவெடுக்கும்போது முதுகில் அது படுவது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பார். புள்ளி அணைந்து, மறுபடி எரியும். பதினோரு மணிக்கு அடுப்படிக்குப் போகும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனாலும் போனார்.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. "தங்கள் இல்லத்தில் தெரிவிக்கப்பட்ட நபர்கள்: ஒன்று. கண்டறியப்பட்ட நபர்கள்: இரண்டு. பதினைந்து நாட்களுக்குள் நேரில் விளக்கவும்."

கவுண்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டாவது ஆளை ஏன் சார் மறைச்சீங்க?"

"யாருமில்லம்மா. இருந்தவ என் வீட்டுக்காரி. அவளும் தவறி மூணு வருஷமாச்சு."

"இருக்கலாம் சார். உறவெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் நபர்னுதான் சிஸ்டம் சொல்லுது."

தையல்காரர் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். நான்காக மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவள் அதை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இது அவங்க இறந்ததுக்கு ஆதாரம். கரண்ட் யூஸ் பண்ணலங்கறதுக்கு ஆதாரம் இல்லையே."

"செத்தவங்க எப்படிம்மா கரண்ட் யூஸ் பண்ணுவாங்க?"

"அது டெக்னிக்கல் கேள்வி சார். ரெண்டாவது மாடி."

இரண்டாவது மாடியில் 'நபர் சரிபார்ப்புப் பிரிவு' என்று பலகை இருந்தது. அங்கிருந்தவர் மிகவும் மரியாதையானவர். எதையும் முடிவு செய்ய மாட்டோம், வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவோம் என்றார்.

எண்ணிப் பார்க்க வந்தவர் கையில் அட்டையும் பென்சிலும் வைத்திருந்தார். பல் துலக்கும் பிரஷ் ஒன்று என்று எழுதினார். கட்டிலில் தலையணை இரண்டு. அலமாரியில் பெண்கள் மூக்குக்கண்ணாடி ஒன்று. கதவுக்குப் பின்னால் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி, தூசு தட்டப்பட்டது. 'தூசு தட்டப்பட்டது' என்பதன் கீழே கோடு போட்டார்.

"ஆள் வெளிய போயிருக்காங்களா?"

"போயிட்டா சார்."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டா."

எண்ண வந்தவர் 'வர மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "நாலரைக்கு அவங்க வழக்கமா ஏதோ பண்ணுவாங்க. இருந்து பார்த்துட்டே போயிடறேன்."

தையல்காரர் சட்டைக்காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தைத்தார். இன்று மட்டும் வேண்டாம் என்று மனதுக்குள் நூறு முறை சொல்லிக்கொண்டார். நாலு இருபத்தெட்டுக்கு வியர்த்தது. நாலரை ஆனபோது கை பேச்சுக் கேட்கவில்லை. எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்தது. எண்ண வந்தவர் ஸ்விட்சைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய்ப் புது மீட்டரைப் பார்த்தார். எண் ஓடிக்கொண்டிருந்தது.

"நிமிஷம் தப்பாம இருக்காங்க," என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளறையைப் பார்த்து, "வரேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தையல்காரருக்கு வீட்டில் தனியாக இருக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. பயத்தோடு பயமாக, ஒரு சந்தோஷமும் இருந்தது. அரசு முத்திரையோடு ஒருவர் வந்து அவளிடம் விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறாரே.

அடுத்த வாரம் ஒரே ஆள் இரண்டு தபால்களைக் கொண்டுவந்தார். ஒன்று, உண்மையை மறைத்ததற்கான விசாரணைக்கு வரச்சொல்லி. இன்னொன்று தங்க நிற ஓரம் போட்டது. சிக்கனப் பிரிவு அனுப்பியது. இந்த வட்டாரத்தின் முன்மாதிரி நுகர்வோராக, மேற்கண்ட முகவரியின் இரண்டாம் நபர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். ஒரு நாளும் தேவைக்கு மேல் பயன்படுத்தாதவர். கேடயத்தை அவரே நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். உறவினரிடம் தரப்பட மாட்டாது.

மகள் இரண்டையும் படித்தாள். பிறகு நாற்காலியை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, யாராவது இருந்தா சொல்லுங்கப்பா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"உங்கம்மாதாண்டா," என்றார் அவர்.

அவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்து, வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றே சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. விசாரணைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். இது முடிந்ததும் அவர் தன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும், இனி சாக்குச் சொல்லக் கூடாது என்றாள்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைமைப் பொறியாளர். சுவரில் பெரிய திரை. அதில் தையல்காரரின் வீடு, நீலத்திலும் சிவப்பிலும் இரண்டு கோடுகளாகப் படுத்திருந்தது.

"நீலம் நீங்க," என்றார் தலைமைப் பொறியாளர். "ஃபேனைப் போட்டுட்டு மறந்துடறீங்க. பாத்ரூம் லைட் விடிய விடிய எரியுது. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, ரொம்ப சாதாரணமான மனுஷர் நீங்க. சிவப்பைப் பாருங்க. என்ன ஒழுங்கு. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்ல. இவங்களை மாதிரி எல்லாரும் இருந்துட்டா இந்த ஆபீஸே தேவைப்படாது. அதனாலதான் இதைத் தீவிரமா எடுத்துக்கறோம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். தையல்காரர் எழுந்து நின்றார். வழக்கமாக அளவு நாடா தொங்கும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அது நான்தாங்கய்யா. சிவப்பும் நான்தான். அவ போனதுக்கப்புறம் அந்த நேரத்துல வீடு சும்மா இருக்கறது தாங்கல. நான்தான் போடறேன். மிக்சியில வெறும் தண்ணியத்தான் ஓட்டறேன். தினமும்."

சொல்லி முடித்ததும் அவமானத்தில் காது சூடானது. மகள் இருக்கும் பக்கம் அவர் திரும்பவில்லை. மூன்று வருடமாக அவளிடம் மறைத்தது, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் கொட்டிவிட்டது.

தலைமைப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி பதினொண்ணு. நீங்க இங்க இருக்கீங்க. பொண்ணும் இங்க இருக்காங்க. வீட்டுச் சாவி?"

தையல்காரர் சாவியை மேசை மேல் வைத்தார்.

"திரையைப் பாருங்க."

சிவப்புக் கோடு எழுந்தது. விழுந்தது. எழுந்தது, விழுந்தது. மூன்றாவது தடவையும் எழுந்து விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் படுத்திருந்தது. மறுபடி ஒரு தடவை எழுந்து, அடங்கியது.

மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவளும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள்தானே. "மூடியைத் திறந்து பார்க்கறா," என்று வாய்க்குள் சொன்னாள்.

தையல்காரருக்குப் பயம் வரவில்லை. உடனே வீட்டுக்கு ஓட வேண்டும், இப்போது போனால் அடுப்படியில் பிடித்துவிடலாம் என்றிருந்தது. செருப்பைக்கூடத் தேடினார்.

"ஆக, உங்க வாக்குமூலம் தப்பு," என்று தலைமைப் பொறியாளர் எழுதிக்கொண்டே சொன்னார். "உட்காருங்க. ரெண்டு வழி இருக்கு. இரண்டாம் நபர் இருக்காங்கன்னா, அவங்க வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா, இல்லன்னு நீங்க போடணும். இல்லாதவங்களுக்கு சப்ளை குடுக்கச் சட்டத்துல இடமில்ல. அவங்க நேரத்துல மட்டும் இங்கிருந்தே நிறுத்திடுவோம். உங்க கரண்ட்ல கை வைக்க மாட்டோம். நாங்க மனிதாபிமானம் உள்ளவங்க."

படிவம் வந்தது. 'இரண்டாம் நபர் இல்லை என உறுதி கூறுகிறேன்.' ஆஸ்பத்திரியில் எல்லாத் தாளிலும் மருமகன்தான் கையெழுத்துப் போட்டான். சுடுகாட்டிலும் அவன்தான். இல்லை என்று தையல்காரர் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

"போட்டுடுங்கப்பா," என்றாள் மகள். "முடிச்சுடலாம். வீட்டுக்குப் போயிடலாம்."

எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில், மீட்டர் மாட்ட வந்த அந்த ஒல்லிப் பெண் ஏணியோடு எதிரே வந்தாள். அவரை நிறுத்தி, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, திரையில பார்த்ததை வச்சு மனசைக் குழப்பிக்காதீங்க. காலையிலேர்ந்து உங்க தெருவுல சிக்னல் இல்ல. சிக்னல் இல்லாட்டி வழக்கமா வர்றதைச் சிஸ்டமே போட்டுக்கும். முன்னாடி பூட்டின வீட்டுக்கு ஒரு நம்பர் எழுதிட்டுப் போவாங்களே, அதே கதைதான்."

"அப்ப வீட்ல மிக்சி ஓடலையாம்மா?"

அவள் யோசித்தாள். "தெரியலங்கய்யா. அங்க யார் இருந்து பார்த்தா?"

தைக்கக் கொடுத்த துணிகளையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. கையெழுத்தும் போட்டாயிற்று, இனி இந்தக் கூத்து வேண்டாம் என்று தையல்காரர் தீர்மானித்தார். மறுநாள் காலை கண் விழித்தும் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தார். ஆறு பத்துக்குத் தலைக்கு மேலே ஃபேன் நின்றது. கெட்டில் கொதிக்க ஆகும் அந்த ஏழு நிமிடமும் வீடு அசையவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் செல்போன் மினுங்கியது. 'இரண்டாம் நபருக்கான மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது.' பிறகு ஃபேன் சுழன்றது. 'இரண்டாம் நபரின் நேரம் முடிந்தது. முதல் நபர் தொடரலாம்.'

பதினோரு மணிக்குத் தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது. வந்தது, நின்றது. வந்தது, நின்றது. வந்தது. ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் ஊசியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். இன்னொரு முறை நின்றது. மறுபடி வந்ததும் நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கினார்.

பழைய மீட்டர் காலத்தில் அவர் சில சமயம் மறந்திருக்கிறார். வாடிக்கையாளர் வந்துவிட்டால் பத்து நிமிடம் பிந்தியிருக்கிறார். அலுவலகம் மறக்கவில்லை, பிந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒன்றும் நடக்காமல், மனசு கலங்கி உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கு நின்றது. அவள் ஞாயிற்றுக்கிழமையில் தலைக்குக் குளித்துவிட்டு அரை மணி தாமதமாகத்தான் அடுப்படிக்கு வருவாள். மூன்று வருடமாக அவரும் அறியாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதித்திருக்கிறார். யாரோ ஒருவர் அதையும் குறித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் அழுதார். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

தெருக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை கட் பண்ணினால் மனுஷன் எப்படிப் பிழைப்பு நடத்துவது என்று மாடி வீட்டுக்காரர் மறுபடி ஒரு குழு அமைக்க முன்வந்தார். தையல்காரர் அவர் காலில் விழாத குறையாக வேண்டாம் என்று தடுத்தார்.

மாதக் கடைசியில், சாமான்களை ஏற்ற வண்டி சொல்லியிருந்த நாளுக்கு முந்தைய நாள், அவர் மின் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அதே கவுண்டர், அதே அம்மாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போறேன்மா. அந்த நிறுத்தத்தை அங்க மாத்திக் குடுக்கணும்."

"கனெக்‌ஷனையா?"

"கனெக்‌ஷன் இல்லம்மா. நிறுத்தறீங்களே, அதை. ஆறு பத்து, பதினொண்ணு, நாலரை. பொண்ணுகிட்ட கேட்டாச்சு. சரின்னுட்டா."

அவள் முதல் முறையாகக் கம்ப்யூட்டரை விட்டு அவரைப் பார்த்தாள். "கட் பண்ணாதீங்கன்னுதான் சார் எல்லாரும் வருவாங்க. நீங்க கட் பண்றதைக் கூடவே எடுத்துட்டுப் போறேங்கறீங்க. அவங்க இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமாம்மா. இல்ல. அந்த இல்லாததைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அவள் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அவர் எழுதி முடித்ததும் வாங்கி முத்திரை குத்தினாள்.

"மாத்தறதுக்கு ஏழு நாள் ஆகும் சார்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் அவங்க பழைய வீட்லதான் இருப்பாங்க."

தையல்காரர் ரசீதை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டு, வண்டியை அடுத்த வாரம் வரச் சொல்லச் சொன்னார். மணி பத்தரை ஆகியிருந்தது. வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.